பனிக்காலப் பறவைகள்: பார்த்தலும் படமெடுத்தலும்



ஐப்பசி மழை பெய்து, சம்பா வயல்களில் நீர் நிறைந்து நிற்கும் நாட்களில் நம் லால்குடிக்கு விருந்தினர் பலர் வருகின்றனர். பேருந்திலோ புகைவண்டியிலோ வராமல், சிலர் இமயத்திற்கு அப்பாலிருந்தும் சிறகடித்தே வந்து சேர்கின்றனர். பங்குனி, சித்திரை வரை நம் கொல்லையிலும் வாய்க்கால் கரையிலும் தங்கியிருந்து, பிறகு வந்த வழியே திரும்பிவிடுகின்றனர். இவர்களே பனிக்காலப் பறவைகள். இவர்களை அறிவது எப்படி, துன்புறுத்தாமல் படமெடுப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஏன் வருகின்றன?

குளிருக்குப் பயந்து பறவைகள் ஓடி வருகின்றன என்று பலரும் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே. இறகு நல்ல போர்வை, குளிரைத் தாங்கும். ஆனால் பசியைத் தாங்காது. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர்காலத்தில் தரை உறைகிறது, பூச்சிகள் மறைகின்றன, பகல் சுருங்குவதால் இரை தேடும் நேரமும் குறைகிறது. அதே காலத்தில் வடகிழக்குப் பருவமழையால் நம் காவிரிப் பாசனப் பகுதி முழுவதும் சேறும் நீரும் பூச்சியுமாக இருக்கிறது. ஆகவே அவை உண்பதற்காகவே இங்கு வருகின்றன. இங்கே கூடு கட்டுவதில்லை. குஞ்சு பொரிப்பது தம் சொந்த நாட்டில்தான்.

இப்பயணத்தைத் தமிழில் வலசை என்கிறோம். நம் முன்னோரும் இதைக் கவனித்திருக்கின்றனர். மதுரையில் வறுமையிலும் குளிரிலும் வாடிய சத்திமுற்றப் புலவர், குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பியதாகப் பாடியுள்ளார். நாரை தெற்கே வருவதையும் வடக்கே மீள்வதையும் அறிந்தவரால்தான் அவ்வாறு பாட முடியும்.

கொல்லையில் காணக்கூடியவை

முதலாவது ஆறுமணிக்குருவி. விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் சீழ்க்கை போல இரண்டு சுரத்தில் கூவுவதால் இப்பெயர். பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு எனப் பல நிறம் கொண்டதாயினும், சருகுகளுக்கிடையே இரை தேடுவதால் எளிதில் கண்ணில் படாது. இது வடநாட்டிலிருந்து இரவில் பறந்து வருகிறது. அக்டோபர் மாதத்தில் விளக்கொளியால் திகைத்து வீட்டுச் சுவரிலோ கண்ணாடியிலோ மோதி விழுவதுண்டு. அப்படி விழுந்து கிடந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் ஓய்வு கொடுத்து, தெளிந்தபின் மாலையில் மரங்களுள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். அழகாக இருக்கிறதென்று கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இரண்டாவது பழுப்புக் கீச்சான். கண்ணைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியது போன்ற பட்டை இருக்கும். வேலியின் உச்சியில் அமர்ந்து, வெட்டுக்கிளியைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கும். சென்ற ஆண்டு தங்கிய அதே இடத்திற்கு மறு ஆண்டும் திரும்பி வரும் வழக்கம் இதற்கு உண்டு.

மூன்றாவது கொடிக்கால் வாலாட்டி. வெற்றிலைக் கொடிக்கால் போன்ற நிழலான தோட்டங்களில் நடமாடுவது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இதுவோ பக்கவாட்டில் அசைக்கும். இந்த ஓர் அடையாளமே போதும்.

வயலிலும் ஏரியிலும் காணக்கூடியவை

மேயும் மாட்டின் காலடியில் ஓடியோடிப் பூச்சி பிடிப்பது மஞ்சள் வாலாட்டி. மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும், பிளவுபட்ட நீண்ட வாலுடையவை தகைவிலான்கள். நடவு வயலின் சேற்றில் அலகைக் குத்தி இரை தேடுவது பொரி உள்ளான். கொள்ளிடக் கரையில் ஆண்டு முழுவதும் காணப்படும் கறுப்பு வெள்ளை நிற வெண்புருவ வாலாட்டி மட்டும் விருந்தாளியன்று. அது நம் ஊர்வாசி.

பெரிய கூட்டங்களைக் காண விரும்புவோர் லால்குடிக்கு வடகிழக்கே அரியலூர் மாவட்டத்திலுள்ள கரைவெட்டி ஏரிக்குச் செல்லலாம். 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்வேரி, 2024-இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. மங்கோலியா, திபெத் நாட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து இங்கு வருகிறது. அதன் வெண்ணிறத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் காணப்படும்.

பார்க்கும் முறை

புதிய பறவையைக் கண்டவுடன் பெயரைத் தேடாதீர்கள். முதலில் நான்கு கேள்விகள் கேளுங்கள். சிட்டுக்குருவி, மைனா, காகம் இவற்றில் எதன் அளவு? அலகு எப்படி? கால் எப்படி? என்ன செய்துகொண்டிருக்கிறது? இவற்றுக்கு விடை எழுதி, பென்சிலால் ஒரு சிறு படமும் வரைந்துகொண்டால், பிறகு நூலைப் பார்த்துப் பெயர் அறிவது எளிது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றும் பயன்படுகிறது. ஜமால் ஆரா என்ற பெண்மணி சிறுவர்களுக்காக எழுதிய பறவை நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1970-இல் வெளியிட்டது. இத்துறை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் மாணவியர் நினைவில் கொள்ள வேண்டும்.

படமெடுக்கும் முறை

காலை ஆறரை மணி முதல் ஒன்பது மணி வரை வெளிச்சம் மென்மையாக இருக்கும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். சன்னல், மாட்டுக்கொட்டகை, வைக்கோற்போர் இவையே நல்ல மறைவிடங்கள். அசையாமல் உட்கார்ந்தால் பறவை தானே அருகில் வரும். வாலாட்டியை எடுக்க ஷட்டர் வேகம் ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்காவது வேண்டும். பறக்கும் தகைவிலானுக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பறவையின் கண் தெளிவாக விழுந்தால் படம் தெளிவு. கைபேசி மட்டுமே உள்ளவர்கள் அதன் லென்சைப் பைனாகுலரின் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து எடுத்துப் பார்க்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. ஒரு மஞ்சள் வாலாட்டியின் எடை இருபது கிராம்கூட இராது. திரும்பிச் செல்லும் நெடும்பயணத்திற்கு வேண்டிய கொழுப்பை அது நம் வயலில் பொறுக்கும் பூச்சிகளிலிருந்தே சேர்க்க வேண்டும். நாம் நெருங்கிச் சென்று ஒருமுறை கிளப்பிவிட்டால், அது தின்றதில் ஒரு பங்கைப் பறந்தே செலவழிக்கிறது. பலர் பலமுறை விரட்டினால் என்ன ஆகும்? ஆகவே பறவை இரை தேடுவதை நிறுத்தித் தலையை நிமிர்த்திப் பார்த்தால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும். பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிவதும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு ஏமாற்றுவதும், இரவில் உறங்கும் பறவைமீது ஒளி பாய்ச்சுவதும் கூடா. நம் படத்திற்குப் பின்னும் பறவை மேய்ந்துகொண்டிருக்குமானால் அதுவே நல்ல படம்.

இவ்வகையில் நமக்கு முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய இவர், கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே புகழ் பெற்றார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். வீட்டருகே காணும் சாதாரண உயிர்களும் அவர் எழுத்தில் இடம்பெற்றன.

குறிப்பேடு ஏன்?

படம் ஒரு நாளைக் காட்டும். குறிப்பேடு பல ஆண்டுகளைக் காட்டும். வயல்கள் மனைகளாகின்றன, குட்டைகள் தூர்க்கப்படுகின்றன, பூச்சிமருந்து பறவையின் இரையை அழிக்கிறது. "முன்பெல்லாம் நிறைய வந்தன" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. எத்தனை வந்தன என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. எழுதி வைத்தவர் இல்லை. தேதி, நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் எழுதி வைத்தால் அது சான்றாகும். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பறவைகளை எண்ணி, இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். நம் மாணவியர் எழுதும் கணக்கும் அறிஞர்களின் ஆய்வுக்குப் பயன்படும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். காலையில் அரைமணி நேரம் உங்கள் மகளோடு கொல்லையிலோ வயல் வரப்பிலோ நில்லுங்கள். கொள்ளிடக் கரைக்கும் ஏரிக்கும் பெரியவர் துணையின்றி அவளை அனுப்ப வேண்டாம். அங்கு ஆழமான பள்ளங்கள் இருக்கக்கூடும். கேமரா வாங்கித் தர இயலாவிட்டால் கவலை வேண்டாம். நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.

மாணவியரே! உங்கள் வீட்டுக் கொல்லையில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருநாள், அதே நேரத்தில், அதே இடத்தில் பதினைந்து நிமிடம் பாருங்கள். ஐப்பசியில் முதல் தகைவிலான் வந்த நாளையும், கோடையில் கடைசி வாலாட்டியைக் கண்ட நாளையும் குறித்து வையுங்கள். பள்ளி இறுதி வகுப்பை முடிக்கும்போது, லால்குடியின் பறவைகளைப் பற்றி வேறெந்த நூலிலும் இல்லாத ஓர் ஏடு உங்கள் கையில் இருக்கும்.