எத்தனை ஆயிரம்?
பவர் பேங்க் விற்போர் அறிய வேண்டிய பாடம்



இக்காலத்தில் தேநீர்க் கடையில் நால்வர் கூடினால், அரிசி விலைக்கும் வெள்ளி மாற்று விலைக்கும் முன்னதாகக் கைப்பேசிப் பேச்சு வந்துவிடுகிறது. "உன் போன் பேட்டரி எத்தனை ஆயிரம்?" என்கிறார் ஒருவர். "ஐயாயிரம்" என்கிறார் மற்றவர். "என் பவர் பேங்க் இருபதாயிரம்" என்று மூன்றாமவர் பெருமை பேசுகிறார். "அது என்ன பிரமாதம்? பாசார் மாலாமில் ஐம்பதாயிரமே கிடைக்கிறது" என்று நான்காமவர் எல்லோரையும் அடக்கிவிடுகிறார். இந்த ஆயிரம் எதன் ஆயிரம் என்று கேட்டால் மட்டும் நால்வரும் தேநீர்க் குவளையைப் பார்க்கிறார்கள்.

பேசுவோர் பேசிவிட்டுப் போகலாம், குற்றமில்லை. விற்கின்ற நாம் அங்ஙனம் இருத்தல் தகாது. செராங்கூன் சாலையாயினும், மஸ்ஜித் இந்தியாவாயினும், பினாங்குச் சூலியா தெருவாயினும், நம்மவர் கடைகள் பலவற்றில் துணிக்கும் பெட்டிக்கும் பக்கத்தில் இன்று கைப்பேசிச் சாமான்களும் தொங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை வருகின்ற தொழிலாளி, ஊருக்குப் பேசுவதற்குப் போன் அணையாமல் இருக்க வேண்டுமென்று தம் கூலியிலிருந்து பத்திருபது வெள்ளி எடுத்து நம் கையில் தருகிறார். அவருக்கு நாம் சொல்லும் எண் மெய்யாக இருக்க வேண்டுமானால், அந்த எண் எதை அளக்கிறது என்பதை முதலில் நாம் கற்க வேண்டும். அதுவே இம்மாதப் பாடம்.

1. எண் எதை அளக்கிறது?

பெட்டியின் மேல் 10,000 என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் எம்.ஏ.எச். என்று மூன்று எழுத்துப் போட்டிருக்கும். மில்லி ஆம்பியர் மணி என்பது அதன் விரிவு. எவ்வளவு மின்சாரம் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை அது சொல்கிறது. ஆனால் அந்த மின்சாரம் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்பதைச் சொல்லவில்லை. அழுத்தத்தின் பெயர் வோல்ட். இரண்டும் சேர்ந்தால்தான் சரக்கின் முழு அளவு தெரியும்.

துணிக் கடைக்காரருக்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் சின்ன முழத்தால் அளந்து பத்து முழம் என்கிறார். அதே துணியைப் பெரிய முழத்தால் அளந்தால் ஏழரை முழம்கூட வருவதில்லை. துணி குறையவில்லை, முழம் மாறிற்று. பவர் பேங்கின் உள்ளே இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியின் முழம் ஏறத்தாழ 3.7 வோல்ட். அது போனுக்கு வெளியே கொடுக்கும் சாதாரண முழம் 5 வோல்ட். பெட்டியின் முகப்பில் அச்சிடுவது சின்ன முழக் கணக்கு.

ஆகவே கணக்கு இவ்வாறு வரும்: 10,000-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 37,000. அதை 5-ஆல் வகுத்தால் 7,400. அழுத்தத்தை உயர்த்தும்போது கொஞ்சம் சக்தி சூடாகிக் கழிந்துவிடும். கடைசியில் வெளியே வருவது ஆறாயிரத்தையொட்டி நிற்கும். நேர்மையான தயாரிப்பாளர்கள் இதைப் பெட்டியின் பின்பக்கத்தில் 'ரேட்டட் கப்பாசிட்டி' என்று சிறிய எழுத்தில் போடுகிறார்கள். 10,000 என்பதும் பொய்யன்று. 6,000 என்பதும் பொய்யன்று. முன்னதை மட்டும் சொல்லிப் பின்னதை மறைத்தால் அதுவே பொய்யாகிவிடும்.

2. முழம் மாறாத அளவு

எந்த முழத்தால் அளந்தாலும் மாறாத அளவு ஒன்று உண்டு. அதற்கு வாட் மணி என்று பெயர். ஆயிரக் கணக்கை 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும். 10,000-க்கு 37 வாட் மணி. 20,000-க்கு 74 வாட் மணி.

இனிப் போனின் பக்கம் பாருங்கள். 5,000 என்று சொல்லப்படும் போன் பேட்டரியில் ஏறத்தாழ 19 வாட் மணி கொள்ளும். 37-ல் 19 இரண்டு தடவை போகிறதே என்று சொல்லத் தோன்றும். பவர் பேங்கிலும், கம்பியிலும், போனிலும் கழிகின்ற சூட்டைக் கணக்கில் எடுத்தால் நாலில் ஒரு பங்குக்கும் மேலே போய்விடும். எனவே 10,000 பவர் பேங்கு 5,000 போனை ஒன்றரைத் தடவைக்குச் சற்றுக் குறைவாக நிரப்பும். 20,000 பவர் பேங்கு மூன்று தடவைக்குச் சற்றுக் குறைவாக நிரப்பும். சரக்குப் புதிதாயிருக்கும்போது உள்ள கணக்கு இது. பயன்படுத்தப் பயன்படுத்த இதுவும் குறையும்.

வாங்க வருபவர் கேட்க விரும்புவது உண்மையில் இந்த விடையைத்தான். "எத்தனை ஆயிரம்?" என்று அவர் கேட்பது, "என் போன் எத்தனை தடவை நிறையும்?" என்று கேட்கத் தெரியாததனால்தான்.

3. தராசு சொல்லும் சாட்சி

எண்ணை அச்சிடுவது எளிது. மை செலவைத் தவிர வேறு செலவில்லை. எடையை அப்படி அச்சிட முடியாது. இங்கேதான் வணிகரின் பழைய தோழனாகிய தராசு நமக்கு உதவுகிறது.

1991-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் பாடுபட்டும், இன்று பரவலாக விற்கும் நல்ல பேட்டரி ஒரு கிலோவில் ஏறத்தாழ 250 வாட் மணிதான் அடங்குகிறது. ஐந்தடியில் கூவி விற்பவரிடம் மட்டும் அதற்கு மேல் நாலு மடங்கு அடங்கிவிடுமா?

ஆகையால் ஒரு சுருக்கமான விதியை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் பேட்டரி எடை மட்டும் சற்றேறக்குறைய 150 கிராம் வேண்டும். கூடும் சேர்ந்தால் 10,000 பவர் பேங்கு பெரும்பாலும் 180 முதல் 250 கிராம் வரை நிற்கும். 20,000 என்பது 300 கிராமுக்கு வெகுவாகக் குறைந்தால் ஐயுற வேண்டும். 50,000 என்பதற்கு உள்ளே இருக்கும் பேட்டரியே முக்கால் கிலோ வர வேண்டும். அது உள்ளங்கையில் அடங்கி 200 கிராம் காட்டினால், தராசே சாட்சி சொல்லிவிட்டது. வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எடை குறைந்தால் பொய் என்பது உறுதி. எடை சரியாயிருந்தால் மெய் என்பது உறுதியன்று. கூட்டின் உள்ளே மணலையும் இரும்புத் துண்டையும் வைத்து மூடிய பவர் பேங்குகளும் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. ஆதலின் தராசுக்குப் பின் இன்னும் இரண்டு பாருங்கள்: ரேட்டட் கப்பாசிட்டியும் வாட் மணியும் கூட்டின் மேலேயே அச்சிடப்பட்டுள்ளனவா? தந்தவர் பெயரும் முகவரியும் உள்ள பட்டியல் நம் கையில் இருக்கிறதா? பட்டியல் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாயினும் மலிவன்று.

4. விமானம் ஏறும் சரக்கு

நம் வாடிக்கைக்காரர்களில் பலர் திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறவர்கள். பயணத்துக்கு முன்தினம் பெட்டி வாங்க வருகிறவர், பவர் பேங்கும் ஒன்று வாங்கிப் போகிறார். அவருக்கு நாம் சொல்ல வேண்டியவை சில உண்டு.

பவர் பேங்கைக் கையில் எடுத்துச் செல்லும் பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தின் வயிற்றுக்குள் போகும் பெட்டியில் வைத்தல் கூடாது. 100 வாட் மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-க்கு மேற்பட்டது பயணியோடு ஏறவே ஏறாது. 27,000 என்று போட்டிருப்பது 99.9 வாட் மணி; எல்லைக் கோட்டை ஒட்டி நிற்கிறது. எத்தனை கொண்டு போகலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், விதிகளும் மாறுகின்றன. புறப்படுமுன் கேட்டறியச் சொல்லுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 50,000 என்பதைக் கணக்கிட்டால் 185 வாட் மணி வருகிறது. அந்த எண் மெய்யானால் அது விமானத்தில் ஏறாது. பொய்யானால் நம் கடையில் இருக்கலாகாது.

இவ்விதிகள் வீண் கெடுபிடியல்ல. 2025 ஜனவரி 28-ஆம் நாள் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்பட ஆயத்தமாக நின்ற ஏர் பூசான் விமானம் ஒன்று எரிந்தது. அதிலிருந்த 176 பேரும் வெளியேற்றப்பட்டார்கள். மேல்தட்டில் வைத்திருந்த பவர் பேங்கு ஒன்றே காரணமாயிருக்கக்கூடும் என்று கொரிய அரசாங்கம் பின்னர் அறிவித்தது. அதன் பின் 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட், மலேசியா ஏர்லைன்ஸ் ஆகியவை, பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தலாகாது என்று விதித்தன.

5. நம் கடையின் கூரை

விமானத்தை விடுங்கள், நம் கடையைப் பார்ப்போம். கீழே கடை, மேலே குடியிருப்பு, நடுவில் ஒரே மரப்படி. இத்தகைய கட்டிடங்களில் நம்மில் பலர் தொழில் செய்கிறோம். படியின் கீழ் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். அந்த அடுக்கில் ஒரு பேட்டரி பற்றினால், மேலே உறங்குவோர் இறங்கி வர வழி ஏது?

பெயர் பெற்ற நிறுவனச் சரக்காயினும் கவனம் வேண்டும். 2025 ஜூன் மாதத்தில் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்குகளைத் தீ அபாயம் கருதித் திரும்பப் பெற்றது. ஒரு வித்தியாசம் உண்டு: பெயருள்ள நிறுவனம் திரும்ப அழைக்கும், பெயரில்லாதவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது.

ஆகவே பேட்டரிச் சரக்கைப் படியின் கீழும் வெயில் விழும் கண்ணாடியின் பின்னும் வைக்காதீர்கள். உப்பிய பவர் பேங்கை யாராவது திருப்பிக் கொண்டு வந்தால், மேசை இழுப்பில் போட்டு மறந்துவிடாதீர்கள். குத்தவும் அமுக்கவும் சார்ஜ் போடவும் வேண்டாம். எரியும் பொருள்கள் அருகில் இல்லாதபடி தனியே வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தைக் கேட்டறிந்து விரைவில் ஒப்படையுங்கள். சுவரில் செருகும் சார்ஜர் விற்பதாயின், சிங்கப்பூரில் பாதுகாப்புச் சின்னமும், மலேசியாவில் சிரிம் முத்திரையும் பார்த்தே வாங்குங்கள். தீ மூண்டால் சரக்கை மீட்க நிற்காமல் ஆட்களை வெளியேற்றி, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 அழையுங்கள்.

6. சொல்லும் முறை

பாடம் கற்றும், வாடிக்கைக்காரரிடம் சொல்லத் தெரியாவிட்டால் பயனில்லை. பேச்சு இப்படி அமையலாம்:

"பாய், பக்கத்துக் கடையில ஐம்பதாயிரம் பதினஞ்சு வெள்ளிங்கிறான். நீங்க பத்தாயிரத்தை இருபது வெள்ளிங்கிறீங்களே?"

"தம்பி, உங்க போன் எத்தனை ஆயிரம்?"

"ஐயாயிரம் பாய்."

"இது உங்க போனை ஒரு தடவை முழுசா நிரப்பும், மறு தடவை அரையளவுக்குச் சற்றுக் குறைவா வரும். அதுக்கு மேல நான் சொன்னா பொய். இந்தாங்க, தராசுல வைக்கிறேன், பாருங்க. அந்த ஐம்பதாயிரத்தையும் வாங்கிட்டு வந்து இதே தராசுல வைங்க. முக்கால் கிலோவுக்கு மேல காட்டணும். காட்டலைன்னா, உள்ளே இருக்கிறது ஐம்பதாயிரம் இல்லை."

"அவ்வளவுதானா பாய்?"

"ராத்திரி தலையணைக்கு அடியில வைச்சு சார்ஜ் போடாதீங்க. உப்பிக்கிட்டு வந்தா உடனே நிறுத்திட்டு இங்கே கொண்டாங்க."

இவ்வளவுதான். இதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். ஒருவேளை அந்தத் தம்பி பக்கத்துக் கடைக்கே போய்விடலாம். போகட்டும். ஐம்பதாயிரம் என்று நம்பி வாங்கிய சரக்கு அரை நாளில் வற்றும்போது, தராசு வைத்துக் காட்டிய கடை அவருக்கு நினைவு வரும். விடுதியில் அவரோடு தங்கியிருப்போர் பலர். அவர் வாய்ச்சொல்லே நமக்கு விளம்பரம்.

சில சகோதரர்கள், "எல்லோரும் விற்கிறார்கள், நாம் விற்காவிட்டால் வாடகை எப்படிக் கட்டுவது?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே, வாடகை பொய்யன்று. ஆனால் ஐந்து வெள்ளி இலாபத்துக்காக விற்ற சரக்கு ஒரு தொழிலாளர் விடுதியில் புகைந்தால், அந்த ஐந்து வெள்ளியை எந்தக் கணக்கில் எழுதுவது? அரிசியில் கல் கலப்பவனை நாம் வணிகன் என்று சொல்வதில்லை. எண்ணில் காற்றைக் கலப்பதும் அதே கலப்படம்தான்.

ஆகவே இவ்வாரமே ஒரு வேலை செய்யுங்கள். கடை அடைத்த பின், தொங்கவிட்டிருக்கும் பவர் பேங்குகளில் வகைக்கு ஒன்றாக எடுத்துத் தராசில் வையுங்கள். பெட்டியில் உள்ள ஆயிரத்தையும் தராசு காட்டும் கிராமையும் பக்கம் பக்கமாக ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வாதவற்றை இறக்கித் தந்தவரிடமே திருப்பி அனுப்புங்கள். ஒத்தவற்றின் கீழ், "5,000 போனை இத்தனை தடவை நிரப்பும்" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். அந்தச் சீட்டைப் படிப்பவர் நம் கடையின் மற்ற விலைச் சீட்டுகளையும் நம்புவார்.