மடிக்கணினியின் மின்கல நிலையும் துவித எண்களும்

மடிக்கணினியை மின்வழங்கலுடன் இணைத்ததும் திரையின் மூலையிலுள்ள மின்கலக் குறி மாறுவதை அவதானித்திருப்பீர்கள். "மின் இணைக்கப்பட்டுள்ளது, எனவே மின்கலம் மின்னேறுகின்றது" என்று மாணவர் பலர் எழுதிவிடுகின்றனர். இவ்விடை பிழையானது. மின் இணைப்பு இருத்தல் ஒரு தரவு. மின்கலம் மின்னேறுதல் வேறொரு தரவு. மென்பொருள் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே வைத்துள்ளது.

ஏன் அவ்வாறு? இலிதியம் அயன் கலமொன்றின் வோல்ற்றளவு பொதுவாக 4.2 வோல்ற்றை அண்மித்து, உட்செல்லும் மின்னோட்டமும் சிறிதாகியதும் மின்னேற்றம் நிறுத்தப்படும். அதன்பின் மட்டம் சில வீதம் குறையும் வரை பல கணினிகள் மீண்டும் மின்னேற்றத் தொடங்குவதில்லை. சில கணினிகளில், மின்கலத்தின் ஆயுளைக் கூட்டுவதற்காக 80% உடன் நிறுத்துமாறும் அமைக்கலாம். ஆகவே "இணைக்கப்பட்டுள்ளது, மின்னேறவில்லை" என்ற செய்தியைக் கண்டவுடன் மின்கலம் பழுதென்று கடைக்கு ஓட வேண்டியதில்லை.

மின்கலத்தினுள் உள்ள சிறிய சுற்று அளவிடும் பெறுமானங்கள் ஏசிபிஐ எனும் நியமத்தின் வழியே பணிசெயல் முறைமையை அடைகின்றன. இந்நியமத்தை 1996 இல் இன்டெல், மைக்ரோசொப்ட், தொஷிபா ஆகிய நிறுவனங்கள் வெளியிட்டன.

இனி விண்டோஸ் முறைமை இந்நிலையைச் செய்நிரல்களுக்கு எவ்வாறு வழங்குகின்றது என்பதை நோக்குவோம். மின் இணைப்புக்கு ஓர் எண்: 0 எனின் இணைப்பு இல்லை, 1 எனின் உண்டு. மின்கல நிலைக்கு மற்றோர் எண். அது ஒரு பைற்று. அதன் ஒவ்வொரு பிற்றும் ஒரு செய்தியைக் கூறும்.

1 – மட்டம் 66% இலும் அதிகம்
2 – மட்டம் 33% இலும் குறைவு
4 – மட்டம் 5% இலும் குறைவு
8 – மின்னேறுகின்றது
128 – மின்கலம் இல்லை

இவை யாவும் இரண்டின் வலுக்கள் என்பதைக் கவனிக்க. எனவே எந்தக் கூட்டுத்தொகையையும் ஒரே ஒரு வழியிலேயே பிரிக்கலாம். உதாரணமாக 9 என்பது 8 + 1, அதாவது துவிதத்தில் 00001001. மின்கலம் மின்னேறுகின்றது, மட்டமும் 66% ஐத் தாண்டிவிட்டது.

இங்கு இரு பொறிகள் உள்ளன. 0 என்பது மின்கலம் வெறுமையானது என்பதன்று. மட்டம் நடுத்தரமானது, மின்னேறவில்லை என்பதே பொருள். 255 என்பது "நிலை தெரியாது" என்பதாகும். 255 இன் எட்டுப் பிற்றுகளும் 1 ஆதலால், 8 இற்குரிய பிற்றை மட்டும் சோதிக்கும் செய்நிரல் மின்கலம் மின்னேறுவதாகப் பொய் கூறிவிடும். ஆகவே 255 ஐ முதலில் சோதித்தல் வேண்டும்.

லினக்ஸ் முறைமையில் பிற்றுகளைப் பிரிக்கும் வேலை பயனருக்கு இல்லை. மின்னேறுகின்றது, மின்னிறங்குகின்றது, மின்னேறவில்லை, நிரம்பியுள்ளது, தெரியாது எனும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று கோப்பொன்றில் காணப்படும்.

வீதத்தைக் கணிக்கும்போது எதனால் வகுப்பது? 48 வற்று மணித்தியாலக் கொள்ளளவுடன் தயாரிக்கப்பட்ட மின்கலம் பழையதாகி, இப்போது 36 மட்டுமே கொள்கின்றது எனக் கொள்வோம். மீதி 27 எனின், 27 ÷ 36 × 100 = 75%. பழைய மின்கலமும் 100% எனக் காட்டுவதன் காரணம் இதுவே. கணினி 13.5 வற்று வலுவைப் பயன்படுத்துமாயின் 27 ÷ 13.5 = 2 மணித்தியாலம் மீதியுண்டு. திரைப்படமொன்றை ஓடவிட்டால் பயன்படும் வலு கூடும். காட்டப்படும் நேரமும் உடனே குறையும்.

பயிற்சி

பின்வரும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் கணினியின் நிலை யாது?
(அ) மின் இணைப்பு 1, மின்கல நிலை 10
(ஆ) மின் இணைப்பு 1, மின்கல நிலை 1
(இ) மின் இணைப்பு 0, மின்கல நிலை 0

விடைகள்
(அ) 10 = 8 + 2. இணைக்கப்பட்டு மின்னேறுகின்றது, மட்டம் 33% இலும் குறைவு.
(ஆ) இணைக்கப்பட்டுள்ளது, மின்னேறவில்லை. மட்டம் 66% இலும் அதிகம்.
(இ) மின்கலத்தில் இயங்குகின்றது; மட்டம் 33% இற்கும் 66% இற்கும் இடைப்பட்டது.