வாகனக் குளிரூட்டற் தொகுதியின் அமுக்க உணரிச் சுற்றில் வழுவைக் கண்டறிதல்

க.பொ.த. (சாதாரண தர) மாணவர்களுக்கான அலகுக் கற்றல் வழிகாட்டி

இந்த அலகைக் கற்றபின் உங்களால் முடியவேண்டியவை:
1. அமுக்க உணரியின் பணியையும் அதன் மூன்று கம்பிகளின் பயனையும் விளக்குதல்.
2. உண்மையான அமுக்கக் குறைபாட்டையும் சுற்றின் வழுவையும் வேறுபடுத்தல்.
3. பல்மானியைப் பயன்படுத்தி, வழு உணரியிலா, கம்பியிலா, கட்டுப்பாட்டு அலகிலா உள்ளது எனப் படிமுறையாகத் தீர்மானித்தல்.

1. அறிமுகம்

மாணவர்களே, ஏசி வேலை செய்யாத வாகனம் ஒன்று திருத்தகத்துக்கு வருகிறது. ஸ்கேனரில் அமுக்க உணரி பற்றிய வழுக் குறியீடு தெரிகிறது. உடனே புதிய உணரி ஒன்றை வாங்கிப் பூட்டுகிறார்கள். பணம் செலவாகிறது, ஏசி மட்டும் முன்போலவே இருக்கிறது. ஏன்? வழுக் குறியீடு "இந்தச் சுற்றில் வரும் சைகை சரியில்லை" என்று மட்டுமே கூறும். "இந்தப் பாகம் பழுது" என்று அது கூறுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறிந்தவர்க்கே பரீட்சையிலும் தொழிலிலும் சரியான விடை கிடைக்கும்.

2. அமுக்க உணரி ஏன் தேவை?

குளிரூட்டற் தொகுதியில் அமுக்கி, ஒடுக்கி, விரிவு வால்வு, ஆவியாக்கி என நான்கு பிரதான பகுதிகள் உள்ளன. அமுக்கியிலிருந்து ஒடுக்கி வழியாக விரிவு வால்வு வரையான பகுதி உயர் அமுக்கப் பக்கம் எனப்படும். உணரி பெரும்பாலும் இப்பக்கத்திலேயே பொருத்தப்படும். இலத்திரனியல் கட்டுப்பாட்டு அலகு உணரியின் சைகையைக் கொண்டு மூன்று பணிகளைச் செய்யும்.

(அ) அமுக்கம் மிகவும் குறைந்தால் அமுக்கியை நிறுத்தும். அமுக்கிக்குத் தேவையான எண்ணெய் குளிரூட்டற் பதார்த்தத்துடன் கலந்தே சுற்றி வருகிறது. பதார்த்தம் கசிந்து குறைந்த நிலையில் அமுக்கி இயங்கினால் உராய்வு நீக்கம் இன்றி அது இறுகிவிடும்.
(ஆ) அமுக்கம் மிகவும் கூடினால் அமுக்கியை நிறுத்தும். இல்லையெனில் குழாய்களும் மூட்டுகளும் சேதமடையலாம்.
(இ) அமுக்கம் உயரும்போது ஒடுக்கியின் விசிறியை இயக்கும் அல்லது அதன் வேகத்தைக் கூட்டும்.

நிறுத்தும் எல்லைகள் வாகனத்துக்கு வாகனம் வேறுபடும். பொதுவாகக் கீழெல்லை 2 பார் அளவிலும், மேலெல்லை 30 பார் அளவிலும் இருக்கும். (1 பார் = 100 கிலோபஸ்கால்)

3. மூன்று கம்பிகள்

தற்போதைய வாகனங்களில் அதிகம் காணப்படுவது மூன்று முனைகளைக் கொண்ட உணரியாகும்.

முனை 1: ஆதார வழங்கல். கட்டுப்பாட்டு அலகு 5 வோல்ற்றை இதனூடாக வழங்கும்.
முனை 2: உணரியின் புவி. இது பெரும்பாலும் வாகன உடலுடன் நேரடியாக இணைக்கப்படாமல் கட்டுப்பாட்டு அலகுக்கே திரும்பிச் செல்லும்.
முனை 3: சைகைக் கம்பி. அமுக்கம் கூடும்போது இதன் வோல்ற்றளவும் கூடும்.

முனைகளின் ஒழுங்கும் கம்பிகளின் நிறமும் உற்பத்தியாளருக்கு ஏற்ப மாறும். எனவே சுற்று வரைபடத்தைப் பார்த்த பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும்.

இப்பாடத்தில் கணிப்புகளுக்காகப் பின்வரும் உணரியைக் கருதுவோம். மானி அமுக்கம் 0 பாராக இருக்கும்போது சைகை 0.5 வோல்ற்று, 32 பாராக இருக்கும்போது 4.5 வோல்ற்று. அதாவது 32 பாருக்கு 4 வோல்ற்று மாற்றம். 1 பாருக்கு 0.125 வோல்ற்று.

சைகை வோல்ற்றளவு = 0.5 + (0.125 × அமுக்கம்)

சைகை 0 வோல்ற்றில் தொடங்காமல் 0.5 வோல்ற்றில் தொடங்குவது ஏன்? கம்பி அறுந்தால் அல்லது குறுஞ்சுற்று ஏற்பட்டால் சைகை 0 வோல்ற்றுக்கோ 5 வோல்ற்றுக்கோ செல்லும். நல்ல உணரி இந்த இரண்டு பெறுமானங்களையும் ஒருபோதும் தராது. ஆகவே கட்டுப்பாட்டு அலகு அதனைச் சுற்று வழு என இனங்காணும். சைகை மிகக் குறைவு எனில் பீ 0532, மிகக் கூடுதல் எனில் பீ 0533 என்னும் குறியீடு பதிவாகும்.

4. முதலாவது கேள்வி: அமுக்கம் உண்மையில் எவ்வளவு?

சுற்றைத் தொடுவதற்கு முன் இக்கேள்விக்கு விடை காண வேண்டும். இங்கே நிரம்பலாவி அமுக்கம் நமக்கு உதவுகிறது. எஞ்சின் பல மணி நேரம் நிறுத்தப்பட்டிருந்தால் இரு பக்கங்களின் அமுக்கமும் சமமாகும். தொகுதியினுள் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும் வரை அந்த அமுக்கம் வெப்பநிலையில் மட்டுமே தங்கியிருக்கும். ஆர் 134ஏ பதார்த்தத்துக்கான அண்ணளவான மானி அமுக்கங்கள் வருமாறு:

20 பாகை செல்சியஸ்: 4.7 பார்
25 பாகை செல்சியஸ்: 5.6 பார்
30 பாகை செல்சியஸ்: 6.7 பார்
35 பாகை செல்சியஸ்: 7.9 பார்

எனவே 30 பாகையில் நமது உணரியின் சைகை 0.5 + (0.125 × 6.7) = 1.34 வோல்ற்று அளவில் இருக்க வேண்டும்.

இப்போது அமுக்கமானியின் வாசிப்பையும் ஸ்கேனரின் வாசிப்பையும் ஒப்பிடுக.

• இரண்டும் ஒத்துப்போய், அமுக்கம் மிகக் குறைவு எனில்: சுற்று நன்று, பதார்த்தம் கசிந்துள்ளது.
• இரண்டும் ஒத்துப்போய், ஏசி இயங்கும்போது அமுக்கம் மிகக் கூடுதல் எனில்: சுற்று நன்று, விசிறியையும் ஒடுக்கி அடைபட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.
• அமுக்கமானி சரியான அமுக்கத்தைக் காட்ட, ஸ்கேனர் வேறொன்றைக் காட்டினால்: வழு உணரியில் அல்லது அதன் சுற்றில் உள்ளது.

குறிப்பு: மேற்கூறிய அமுக்கம் இருப்பது தொகுதியில் சிறிதளவேனும் திரவம் உண்டு என்பதை மட்டுமே காட்டும். பதார்த்தம் போதிய அளவு உண்டு என்பதற்கு அது சான்றாகாது.

5. சுற்றைச் சோதிக்கும் படிமுறை

படி 1. கண்ணால் பார்த்தல். உருகி, இணைப்பி, கம்பி ஆகியவற்றைப் பார்க்குக. இணைப்பியினுள் பச்சை நிறப் படிவு, நீர், எண்ணெய், வளைந்த முனை உண்டா என நோக்குக. வழுக்கள் பல இங்கேயே அகப்பட்டுவிடும்.

படி 2. வழங்கலைச் சோதித்தல். இணைப்பியைக் கழற்றி, எரிபற்றல் ஆளியை இயக்க நிலையில் வைத்து, கம்பிப் பக்கத்தில் முனை 1க்கும் முனை 2க்கும் இடையே அளக்க. 5 வோல்ற்று கிடைத்தால் படி 3க்குச் செல்க. கிடைக்காவிடின் முனை 1க்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையே அளக்க. இப்போது 5 வோல்ற்று கிடைத்தால் புவிக் கம்பி அறுந்துள்ளது. இப்போதும் கிடைக்காவிடின் ஆதாரக் கம்பி அறுந்துள்ளது, அல்லது புவியுடன் குறுஞ்சுற்றாகியுள்ளது, அல்லது அலகு வழங்கவில்லை. ஒரே 5 வோல்ற்று வழங்கலைப் பல உணரிகள் பகிர்வதுண்டு. அவற்றுள் ஒன்று குறுஞ்சுற்றானாலும் எல்லாமே பாதிக்கப்படும். அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, 5 வோல்ற்று மீண்டும் வருகிறதா எனப் பார்க்க வேண்டும்.

படி 3. சைகைக் கம்பியைச் சோதித்தல். இணைப்பி கழற்றப்பட்ட நிலையில் ஸ்கேனர் மிகக் குறைந்த பெறுமானத்தைக் காட்டினால், முனை 1ஐயும் முனை 3ஐயும் 1000 ஓம் தடையினூடாக இணைக்க. பெறுமானம் உச்சத்துக்கு ஏறினால் சைகைக் கம்பியும் அலகும் நல்ல நிலையில் உள்ளன. ஏறாவிடின் கம்பியில் அல்லது அலகில் வழு உண்டு. சில வாகனங்களில் கழற்றியதும் பெறுமானம் உச்சத்தில் நிற்கும். அவற்றில் முனை 3ஐ முனை 2 உடன் அதே தடையினூடாக இணைத்து, பெறுமானம் வீழ்கிறதா எனப் பார்க்க.

படி 4. புவிக் கம்பியில் வோல்ற்றளவு வீழ்ச்சியை அளத்தல். இணைப்பியை மீண்டும் பூட்டி, முனை 2க்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையே அளக்க. வாசிப்பு 0.1 வோல்ற்றிலும் குறைவாக இருக்க வேண்டும்.

படி 5. உணரியைச் சோதித்தல். முன்னைய படிகள் யாவும் சரியெனில், பூட்டிய நிலையில் சைகையை அளந்து, அமுக்கமானியின் வாசிப்பிலிருந்து கணித்த பெறுமானத்துடன் ஒப்பிடுக. வேறுபாடு பெரிதாயின் உணரி பழுது. இப்போதுதான் புதிய உணரியை வாங்கலாம்.

6. செய்துகாட்டப்பட்ட கணிப்பு

உணரியினூடாக 10 மில்லியம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. துருப்பிடித்த புவி இணைப்பின் தடை 50 ஓம். உண்மையான அமுக்கம் 6.7 பார். கட்டுப்பாட்டு அலகு உணரும் அமுக்கம் யாது? (உணரியின் வெளியீடு அதற்குக் கிடைக்கும் வழங்கலுக்கு விகிதசமமானது எனக் கொள்க.)

புவியில் வீழ்ச்சி = 0.01 × 50 = 0.5 வோல்ற்று
உணரிக்குக் கிடைக்கும் வழங்கல் = 5 − 0.5 = 4.5 வோல்ற்று
உணரியின் வெளியீடு = 1.34 × (4.5 ÷ 5) = 1.21 வோல்ற்று
அலகை அடையும் சைகை = 1.21 + 0.5 = 1.71 வோல்ற்று
அலகு உணரும் அமுக்கம் = (1.71 − 0.5) ÷ 0.125 = 9.7 பார் (அண்ணளவாக)

அதாவது 3 பார் கூடுதலாகத் தோன்றுகிறது. வெயில் நேரத்தில் அமுக்கம் இயல்பாகவே உயரும்போது அலகு தேவைக்கு முன்னரே அமுக்கியை நிறுத்திவிடும். இங்கே எத்தனை புதிய உணரிகளைப் பூட்டினாலும் பயனில்லை. சுத்தம் செய்ய வேண்டியது ஒரு புவி இணைப்பை மட்டுமே.

7. பாதுகாப்பும் சூழலும்

• கண்ணாடியும் கையுறையும் அணிக. ஆர் 134ஏ வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ −26 பாகை செல்சியஸில் கொதிக்கும். தோலிலோ கண்ணிலோ பட்டால் உறைகாயம் ஏற்படும்.
• 5 வோல்ற்றுச் சுற்றில் இழை மின்குமிழ்ச் சோதனை விளக்கைப் பயன்படுத்த வேண்டாம். அது எடுக்கும் மின்னோட்டம் அலகைப் பழுதாக்கலாம். பற்றரியின் 12 வோல்ற்றை எந்த முனைக்கும் கொடுக்கவும் கூடாது.
• சில உணரிகளின் அடியில் தானாக மூடும் வால்வு உண்டு; சிலவற்றில் இல்லை. வால்வு இல்லாத இடத்தில் உணரியைக் கழற்றுவதற்கு முன் பதார்த்தத்தை மீட்பு இயந்திரத்தால் எடுக்க வேண்டும்.

ஓசோன் படையைச் சிதைத்த ஆர் 12 பதார்த்தம் 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர் 134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. எனினும் 100 ஆண்டுக் கணிப்பில் அதன் புவி வெப்பமாக்கும் ஆற்றல் காபனீரொட்சைட்டைப் போல் ஏறத்தாழ 1430 மடங்காகும். எனவே 2016 ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தம் இவ்வகைப் பதார்த்தங்களையும் படிப்படியாகக் குறைக்கக் கோருகிறது. 500 கிராம் வெளியேறினால் அது 0.5 × 1430 = 715 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறியதற்குச் சமன். பழுதில்லாத உணரியை மாற்றுவதற்காக வாயுவைத் திறந்துவிடுவது உரிமையாளருக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் நட்டமாகும்.

8. மாதிரி வினா

வான் ஒன்றில் அமுக்கி இயங்கவில்லை. பீ 0532 குறியீடு உள்ளது. காலையில் சூழல் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், அமுக்கமானி 6.6 பாரைக் காட்டுகிறது. ஸ்கேனர் 0 பாரைக் காட்டுகிறது. இணைப்பியைக் கழற்றியபோது முனை 1க்கும் 2க்கும் இடையே 5 வோல்ற்று உண்டு. முனை 1ஐயும் 3ஐயும் தடையினூடாக இணைத்தபோதும் ஸ்கேனர் வாசிப்பு மாறவில்லை.

(அ) தொகுதியில் பதார்த்தம் முற்றாக வெளியேறியுள்ளதா? காரணம் தருக.
(ஆ) ஆதாரக் கம்பி பற்றியும் புவிக் கம்பி பற்றியும் யாது கூறலாம்?
(இ) வழு எங்கே இருக்கலாம்?
(ஈ) அடுத்து செய்யவேண்டிய சோதனை யாது?

விடைகள்

(அ) இல்லை. அமுக்கமானியின் வாசிப்பு 30 பாகைக்குரிய நிரம்பலாவி அமுக்கத்துக்கு அண்மையில் உள்ளது. எனவே உள்ளே திரவம் உண்டு.
(ஆ) 5 வோல்ற்று கிடைப்பதால் இரண்டும் அறுந்திருக்கவில்லை. ஆயினும் இணைப்பி கழற்றப்பட்டிருப்பதால் மின்னோட்டம் பாயவில்லை. ஆகவே புவியில் உயர் தடை இல்லை என இதனால் கூறமுடியாது.
(இ) சைகைக் கம்பியில் அல்லது கட்டுப்பாட்டு அலகில்.
(ஈ) எரிபற்றலை நிறுத்தி, அலகின் இணைப்பியையும் கழற்றி, சைகைக் கம்பியின் இரு முனைகளுக்கிடையே தடையை அளத்தல். முடிவிலி எனில் கம்பி அறுந்துள்ளது. பின்னர் அக்கம்பிக்கும் புவிக்கும் இடையே அளத்தல். தடை மிகக் குறைவு எனில் குறுஞ்சுற்று. கம்பி இரண்டு சோதனைகளிலும் நன்றெனில் மாத்திரமே அலகைச் சந்தேகிக்க வேண்டும்.

பரீட்சைக்கு முன் ஞாபகப்படுத்துக

• முதலில் உண்மையான அமுக்கம், அடுத்து வழங்கல், அடுத்து சைகைக் கம்பி, அடுத்து புவி, இறுதியில் உணரி.
• "உணரியை மாற்றுக" என்று மட்டும் எழுதும் விடை முழுமையானதல்ல. எந்த அளவீட்டால் அம்முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் எழுதுக.
• தடையை அளக்கும்போது சுற்றில் மின் இருக்கக்கூடாது. வோல்ற்றளவு வீழ்ச்சியை அளக்கும்போது சுற்று இயங்க வேண்டும்.