வட்டி மாறினால் நிரலை ஏன் அனுப்ப வேண்டும்?

கேள்வி: நான் வேலை பார்க்கும் நகைக்கடன் நிறுவனத்துக்கு நாகர்கோவிலில் தலைமை அலுவலகம், குளச்சல், தக்கலையில் கிளைகள். 2011-ல் எழுதிய ஜாவா மென்பொருள், ஆர்.எம்.ஐ. வழியே ஓடுகிறது. வட்டிக் கணக்கு மாறினால் தலைமை சர்வரில் ஜார் கோப்பை மாற்றுவோம். கிளைக் கம்ப்யூட்டர்கள் தாமாக இறக்கிக்கொள்ளும். ஜாவா 24-க்கு மாற்றியதும், செக்யூரிட்டி மேனேஜர் இல்லை என்று தொடங்கவே மறுக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?
— வாசகர், இராஜாக்கமங்கலம்

பதில்: முடியாது. 2021-ல் ஜாவா 17 வந்தபோதே அதை நீக்கப்போவதாக அறிவித்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் வந்த 24-ல் நிரந்தரமாக அணைத்தார்கள். அது இல்லாமல் ஆர்.எம்.ஐ. வெளியிலிருந்து கிளாஸ்களை இறக்காது. ஜாவா 8-க்கே திரும்பலாம் என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

செக்யூரிட்டி மேனேஜருக்கு அனுமதிகளைச் சொல்லும் பழைய பாலிசி கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். ‘கிராண்ட்’, அதற்குள் ‘ஆல்பெர்மிஷன்’ என்று மூன்றே வரி இருந்தால், இத்தனை வருடமும் உங்களுக்குக் காவலே இருந்ததில்லை. அந்தக் காலத்துப் பாடநூல் உதாரணங்களிலிருந்து பலரும் அப்படியே நகலெடுத்தது அது. தொடக்க ஸ்கிரிப்டில் ‘யூஸ்கோட்பேஸ்ஒன்லி’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ கொடுத்திருந்தால் இன்னும் மோசம்: எதிர்முனை காட்டும் எந்த முகவரியிலிருந்தும் நிரலை எடுத்து ஓட்டும். 2013-லேயே ஜாவா 7-இன் 21-வது அப்டேட் இதை இயல்பாக ‘ட்ரூ’ ஆக்கியது.

எங்கிருந்தோ வரும் நிரலை இப்படி ஓட்டுவதன் விலை 2021 டிசம்பரில் தெரிந்தது. லாக்4ஷெல் ஓட்டையில், லாகில் பதிவாகும் ஒரு வரி போதும். சர்வர் தானே போய் அந்நியரின் கிளாஸைக் கொண்டுவந்து இயக்கியது. நம் செர்ட்-இன் அமைப்பும் எச்சரிக்கை விட்டது.

உங்கள் விஷயத்தில் மாறுவது பெரும்பாலும் வட்டி விகிதமும் கால அளவும்தான். அதற்கு நிரல் எதற்கு? டேட்டாபேஸில் ஒரு அட்டவணை போதும்; கிளை அதைப் படித்துக் கணக்கிடட்டும். சூத்திரமே மாறும் அபூர்வ நாளில், கையொப்பமிட்ட ஜாரை அனுப்புங்கள். கிளையில் கையொப்பம் சரிபார்த்த பிறகே நிறுவப்பட வேண்டும். கையொப்பச் சாவி, ஜாரை விநியோகிக்கும் சர்வரில் இருக்கவே கூடாது.

நிரல் இறங்குவது நின்றாலும் ஆர்.எம்.ஐ.-யில் ஆப்ஜெக்டுகள் வந்துகொண்டிருக்கும். அவற்றின் வழியாகவும் தாக்கலாம். ஜாவா 9 முதல் உள்ள சீரியலைசேஷன் ஃபில்டரில் உங்களுக்கு வேண்டிய கிளாஸ்களை மட்டும் அனுமதியுங்கள். கிளைகள் வி.பி.என். வழியே மட்டும் வரட்டும். 1099 போர்ட்டை மூடிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். அது ரெஜிஸ்ட்ரியின் போர்ட் மட்டுமே. எண் குறிப்பிடாத ரிமோட் ஆப்ஜெக்டுகள் கிடைத்த போர்ட்டில் உட்காரும், ஆகவே எக்ஸ்போர்ட் செய்யும்போதே எண்ணைக் கொடுத்து, ஃபயர்வாலில் அதையும் சேருங்கள்.