அப்பாவின் மாருதியை வைத்துப் புதுக் கார் கட்டலாமா?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டுக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்பா 1998-ல் வாங்கிய மாருதி 800 வீட்டில் நிற்கிறது. அப்பா சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். காரின் பாடி முழுக்கத் துரு. எஞ்ஜினும் கியர் பாக்ஸும் மட்டும் இன்னும் நன்றாக இருக்கின்றன. வெளிநாட்டில் ‘கிட் கார்’ என்று வீட்டிலேயே கட்டுகிறார்களே, அதுபோல எஞ்ஜின், கியர் பாக்ஸ், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் கழற்றி, இரும்புக் குழாயில் நானே ஃபிரேம் வெல்டிங் செய்து, ஃபைபர் பாடி போட்டு, இருவர் உட்காரும் திறந்த கார் ஒன்று கட்ட ஆசை. ஆர்.சி. 2023-ல் புதுப்பித்தது, 2028 வரை இருக்கிறது. இன்னும் அப்பா பெயரில்தான். அதே ஆர்.சி., அதே நம்பரில் புதுக் காரை ஓட்டலாமா? பழைய சேசிஸ் நம்பரைப் புது ஃபிரேமில் ஏற்றித் தருவதாக ஒரு புரோக்கர் சொல்லி, ஒரிஜினல் ஆர்.சி.யை வாங்கி வைத்திருக்கிறார். வீட்டில் அம்மா இருக்கிறார். அக்காவுக்குத் திருமணமாகிவிட்டது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: தம்பி, காரைக் கட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால், அதைப் பொதுச் சாலையில் ஓட்ட இன்றைய சட்டத்தில் வழி இல்லை. அப்பாவின் ஆர்.சி.யை அந்தக் காருக்குப் பயன்படுத்தவே கூடாது.

ஆர்.சி. எஞ்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் கொடுக்கப்பட்டதல்ல, சேசிஸ் எண்ணைத் தாங்கி நிற்கும் வண்டிக்குக் கொடுக்கப்பட்டது. ஜீப்பில் அடிச்சட்டம் தனி, மேல் பாடி தனி. மாருதி 800-ல் அப்படி இல்லை. பாடிதான் சேசிஸ், எண்ணையும் அதன் இரும்பிலேயே அடித்திருப்பார்கள். நீங்கள் துருப்பிடித்தது என்று ஒதுக்க நினைக்கும் அந்தக் கூடுதான் சட்டத்தின் கண்ணில் ‘கார்’. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்துப் போனால், உங்கள் கையில் இருப்பது உதிரி பாகங்கள் மட்டுமே.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும் அளவுக்குக் கட்டமைப்பை மாற்றுவதையே ‘மாற்றம்’ என்று அந்தப் பிரிவு விளக்குகிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீட்டுக்குச் சென்ற ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் உறுதியாகச் சொல்லிவிட்டது. நிறம் மாற்றலாம், பழுதான எஞ்ஜினுக்குப் பதில் அதே வகை எஞ்ஜினை முன் அனுமதியோடு பொருத்தலாம். நான்கு கதவு மூடிய காரை இருவர் உட்காரும் திறந்த காராக்குவது இந்த எல்லைக்குள் வரவே வராது. மீறினால் 182-ஏ(4) பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அந்தப் புரோக்கர் சொல்வது இதைவிட ஆபத்தானது. பழைய எண்ணை வெட்டி எடுத்துப் புது ஃபிரேமில் ஒட்டவைப்பதும், புதிதாக அடிப்பதும் வெறும் போக்குவரத்து விதிமீறல் அல்ல. போலி ஆவணம், மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் கிரிமினல் வழக்காகவே வரலாம். எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோனால் பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்தின் வடிவம், இடைவெளி, சுற்றியுள்ள வெல்டிங் தழும்பு எல்லாம் தாளில் வந்துவிடும். திருட்டு வண்டிகளைப் பிடிப்பதும் இதே முறையில்தான். அப்பா சம்பாதித்து வாங்கிய வண்டிக்கு நீங்கள் திருடர் வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை.

“சரி, புதுக் காராகவே பதிவு செய்கிறேன்” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47-வது விதிப்படி புது வண்டிப் பதிவுக்குப் படிவம் 20-உடன், விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22 ஆகியவை வேண்டும். அந்தத் தகுதிச் சான்றைத் தரவேண்டியவர் தயாரிப்பாளர். தயாரிப்பாளரோ 126-வது விதியின்படி தன் மாதிரி வண்டியைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னை ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற நிறுவனங்களில் சோதித்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கார் செய்யும் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய விதிகள் இவை. இன்று புதுக் காருக்குப் பி.எஸ்.-6 புகை அளவு கட்டாயம். 1998-ல் செய்த எஞ்ஜின் அந்த அளவை எட்டாது.

நீங்கள் பார்த்த வெளிநாட்டுக் கார்கள் பெரும்பாலும் பிரிட்டனுடையவை என்று நினைக்கிறேன். அங்கே தனி ஒரு வண்டியை மட்டும் சோதித்து அனுமதி தரும் ஐ.வி.ஏ. என்ற முறை இருக்கிறது. வீட்டில் கட்டியவர் காரைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகிறார். பிரேக், விளக்கு, சீட் பெல்ட், கூரான விளிம்பு வரை பார்க்கிறார்கள். தேறினால் பதிவெண் கிடைக்கும். பாகங்கள் எந்த வண்டியிலிருந்து வந்தன என்பதற்குச் சான்று இல்லாத காருக்கு ‘க்யூ’ எழுத்தில் தொடங்கும் எண் தருகிறார்கள். இப்படி ஒரு கதவு நம் சட்டத்தில் இல்லாதது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன். கோவையின் லேத் பட்டறைகளில் வளர்ந்த இளைஞர்களின் கைத்திறனுக்கு அரசு ஒரு சோதனை வழியைத் திறந்துவிட வேண்டும். அது வரும்வரை உங்களுக்கு நான் சொல்ல முடிந்தது இருக்கும் சட்டத்தைத்தான்.

இன்ஷூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். அப்பாவின் பாலிசி மாருதி 800 என்ற மூடிய காருக்கு. நீங்கள் கட்டிய கார் யார் மீதாவது மோதினால், “நாங்கள் இன்ஷூரன்ஸ் கொடுத்த வண்டி இதுவல்ல” என்று கம்பெனி எதிர்வழக்காடும். பதிவில்லாத வண்டியைச் சாலையில் ஓட்டுவது பாலிசி நிபந்தனையின் அடிப்படை மீறல் என்று நரிந்தர் சிங் வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது சொந்த வண்டிச் சேதத்துக்கான வழக்கு என்றாலும், கம்பெனிகள் பிடித்துக்கொள்ளும் வாதம் அது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் ஓர் உயிரிழப்புக்கு இழப்பீடு விதிக்கும்போது, இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் வைத்துக் கணக்கிடும். தொகை பல லட்சங்களில் வரும். கம்பெனி கைவிட்டால் அல்லது கட்டிவிட்டு உங்களிடம் வசூலித்தால், அம்மா குடியிருக்கும் வீட்டில் உங்கள் பங்கு ஜப்திக்கு வரும். இதை அம்மாவிடம் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

இனி, செய்யக்கூடியது. தொழிற்சாலை அல்லது வேலியடைத்த இடத்துக்குள் மட்டும் ஓடும்படி அமைத்த சிறப்பு வகை வண்டியை ‘மோட்டார் வாகனம்’ என்ற வரையறையிலிருந்து 2(28) பிரிவு விலக்குகிறது. எனவே பந்தயத் திடலுக்கென்றே காரைக் கட்டலாம். உங்கள் ஊரிலேயே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய பந்தயக் கார்களோடு வரும் ஃபார்முலா பாரத் போட்டி அங்கேதான் நடந்திருக்கிறது. திடல் நிர்வாகத்தின் அனுமதியையும் பாதுகாப்பு நிபந்தனைகளையும் கட்டத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ரோல் கேஜ் இல்லை என்று கடைசியில் திருப்பி அனுப்பினால் உழைப்பு வீண். காரை அங்கே லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். “பக்கத்துத் தெருவரை ஒரு டிரையல்” என்று கிளப்பாதீர்கள். பொதுமக்கள் போகும் உரிமையுள்ள எந்த இடமும், காலனித் தெரு, கோயில் மைதானம் உட்பட, சட்டப்படி பொது இடம்தான். பதிவில்லாமல் ஓட்டினால் 192-வது பிரிவில் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். வண்டியையும் பிடித்து வைப்பார்கள். வேலிக்குள்ளேயே ஓட்டினாலும், கவனக்குறைவால் உயிர் போனால் நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு பாயும். ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

ஸ்பேனரை எடுக்கும் முன் இன்னொன்று. அந்தக் கார் இப்போது உங்களுடையது மட்டுமல்ல. நீங்கள் இந்துக் குடும்பமாக இருந்து, அப்பா உயில் எழுதவில்லை என்றால், அம்மா, அக்கா, நீங்கள் மூவரும் சம பங்குதாரர்கள். திருமணமானதால் அக்காவின் உரிமை குறையாது. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அவர்கள் இருவரின் சம்மதக் கடிதத்தோடு, படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இறந்த 30 நாளுக்குள் தகவல் தந்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும், கட்டிவிடுங்கள். பிறகு காரைப் பிரித்தால், 55-வது பிரிவின்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதி, ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யுங்கள். ரத்து ஆணை கைக்கு வரும்வரை சேசிஸ் எண் உள்ள பகுதியை வெட்டவும் வேண்டாம், காயலான் கடைக்குப் போடவும் வேண்டாம். எஞ்ஜின் எங்கிருந்து வந்தது என்று நாளை போலீஸ் கேட்டால் காட்ட அந்த ஆணை ஒன்றுதான் உங்களிடம் இருக்கும்.

அப்பாவின் நம்பர் பிளேட்டோடுதான் சாலையில் போக வேண்டும் என்பது மனதில் இருந்தால், காரைப் பிரிக்காதீர்கள். டிங்கரிங், பெயின்ட் செய்து பழைய வடிவத்திலேயே ஓட்டுங்கள். 2028-ல் ஆய்வில் தேறினால் இன்னும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தப் புரோக்கரிடம் இருக்கும் ஒரிஜினல் ஆர்.சி.யை நாளைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.