நிலமும் ஏறி இறங்கும்

அன்புள்ள இளம் பொறியாளருக்கு,

கடல் ஓதம் ஏறுவதைக் கரையில் நிற்கும் எவரும் பார்க்கலாம். ஆனால் காலடிப் பாறையும் அதே நிலவின் இழுப்பில் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவதை யாரும் உணர்வதில்லை. வீடு, மலை, முக்காலி மேல் நிற்கும் லெவல் கருவி எல்லாம் சேர்ந்தே ஏறும்போது, எதை வைத்து எதை ஒப்பிடுவது? ஜெனீவா வட்டாரத்தில் முழுநிலவை ஒட்டிய நாட்களில் தரை ஏறத்தாழ 25 செ.மீ. உயர்கிறது. ஊரில் ஒரு சுவரும் விரிசல் விடுவதில்லை.

அதே ஜெனீவாவில்தான் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மாபெரும் கருவியிடம் பிடிபட்டது. செர்ன் ஆய்வகத்தின் ‘லெப்’ துகள் முடுக்கி 1989 முதல் 2000 வரை இயங்கியது. நிலத்தடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 26.7 கி.மீ. சுற்றளவுள்ள வளையம் அது. இசட் துகளின் நிறையை மிக நுட்பமாக அளப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதற்குத் துகள் கற்றையின் ஆற்றல் துல்லியமாகத் தெரிய வேண்டும். அந்த ஆற்றலோ மணிக்கு மணி நகர்ந்துகொண்டிருந்தது. 1992 நவம்பரில், முழுநிலவை ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடாமல் அளந்தார்கள். ஓதக் கணக்கு வரைந்த வளைகோட்டின் மீதே அளவுகள் வந்து உட்கார்ந்தன.

நடந்தது இதுதான். நிலம் எழும்பும்போது பக்கவாட்டிலும் சற்றே விரிகிறது. வளையத்தின் சுற்றளவு சுமார் 1 மி.மீ. கூடுகிறது. கற்றை ஒரு சுற்றில் கடக்கும் தூரத்தை அதை முடுக்கும் ரேடியோ அலையின் அதிர்வெண் கட்டிப்போட்டிருக்கிறது, அது மாறாது. காந்தங்கள் மட்டும் வெளிப்பக்கம் நகர்ந்துவிடுகின்றன. துகள்கள், கற்றையைக் குவிக்கும் காந்தங்களின் நடுவை விட்டு உள்பக்கமாகப் போகின்றன. பாதையை வளைக்கும் விசை குறைய, ஆற்றலும் இறங்கிவிடுகிறது. சுற்றளவில் ஏற்படும் மாற்றம் பத்து கோடியில் நான்கு பங்கு. ஆற்றலில் அது பத்தாயிரத்தில் இரண்டு பங்காகப் பெருகி, சுமார் 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆகிறது. இசட் துகளின் நிறையை முடிவில் அவர்கள் சொன்னபோது பிழை சுமார் 2 மெகா எலெக்ட்ரான் வோல்ட்தான். ஓதத்தைக் கழிக்காமல் அந்த எண்ணை எட்டியிருக்கவே முடியாது.

ஆக, 25 செ.மீ. உயர்வு தொல்லை தரவில்லை. ஒரு மில்லிமீட்டர் விரிவு தந்தது. கருவியைப் பொருத்தும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது: இது எதைப் பார்க்கிறது? கொத்தனாரின் ரசமட்டத்துக்கும் ட்யூப் லெவலுக்கும் நிலவைப் பற்றிக் கவலையில்லை. துல்லிய மட்ட அளவையில் ஓதத்தால் வரும் பிழை கிலோமீட்டருக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆனால் நெடுந்தூரம் போகும்போது அது சேரும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளோ பூமியோடு சேர்ந்து ஏறுவதில்லை. அதனால் அது நிலத்தின் முழு உயர்வையும் பார்த்துவிடும்; திருத்தம் போடாத உயரத்தில் டெசிமீட்டர் கணக்கில் பிழை நிற்கும்.

முடுக்கிகளில் காந்தங்களின் மட்டத்தைக் கண்காணிக்கும் நீர்க்குழாய் அமைப்பு, கொத்தனாரின் ட்யூப் லெவல் வேலை செய்யும் அதே விதியில்தான் இயங்குகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. நீளமான குழாயில் நீரும் நிலவின் இழுப்புக்குச் சாய்கிறது, அடியில் பாறையும் சாய்கிறது. உணரி காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. அதைக் காந்தம் இறங்கிவிட்டதாக எண்ணித் திருகைத் தொட்டுவிடாதீர்கள்.

எல்லாப் பழியையும் நிலவின் மேல் போடவும் கூடாது. லெப் வளையத்தை ஜெனீவா ஏரியின் நீர்மட்டமும் மழையும்கூட அசைத்தன. 1995இல் அளவுகளில் இன்னொரு இரைச்சல் தெரிந்தது: பகலில் வரும், நள்ளிரவுக்குப் பின் அடங்கும். பிரான்சில் ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த நாளில் அது வரவேயில்லை. ஜெனீவாவிலிருந்து போகும் மின்சார ரயில்களின் மின்னோட்டம் மண்ணில் கசிந்து முடுக்கியின் குழாய் வழியே ஓடியிருக்கிறது. ஓதத்தையும் ரயிலையும் காட்டிக்கொடுத்தது ஒன்றே: அளவுக்கு எதிரே எழுதியிருந்த நேரம்.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா என்ற ஈர்ப்பலை ஆய்வகத்தை அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அதன் இரு கைகளையும் நிலவு ஓயாமல் நீட்டிச் சுருக்கும். அங்கே உங்களுக்கு வேலை கிடைத்தால், முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் மணியையும் நிமிடத்தையும் எழுதுங்கள்.