கிரெடிட் கார்டு கடன்: ஒளிவதால் தீராது

 



நமது மஹல்லாவில் ஒரு இளைஞர். ஜுமுஆவுக்கு நேரத்தோடு வந்து முதல் ஸஃப்பில் உட்காரக்கூடியவர். சில மாதங்களாக கடைசி ஸஃப்பில் நின்று, ஸலாம் கொடுத்ததும் எழுந்து போய்விடுவார். ஒரு நாள் அஸருக்குப் பிறகு உட்கார வைத்துக் கேட்டேன். "ஹஜ்ரத், மூணு கார்டு இருக்கு. மொத்தம் எவ்வளவு பாக்கின்னு எனக்கே தெரியாது. தெரியாத நம்பர்ல போன் வந்தா எடுக்கிறதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தா, அத்தா ஊர்ல இல்லைன்னு சொல்லுன்னு பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார். அந்தப் பையனுக்கு வயது பத்து.

சென்ற ஆண்டு வட்டியைப் பற்றி நான் பயான் செய்தபோது அவரும் இருந்தார். வட்டி ஹராம் என்று சொன்னேன். அதில் விழுந்தவர் எப்படி எழுந்து வருவது என்று சொல்லவில்லை. அந்தக் குறையைத்தான் இன்று சரிசெய்ய நினைக்கிறேன்.

கடன் மனிதனை என்ன செய்கிறது?

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடன் சுமையை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவார்கள். இவ்வளவு அதிகமாக ஏன் கேட்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற கருத்தில் பதில் கூறினார்கள் (புகாரி 832). கவனியுங்கள். பணம் போவதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. குணம் போவதைப் பற்றிப் பேசினார்கள். இன்று அந்தப் பொய் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் வாய் வரை வந்திருக்கிறது.

லிமிட் நம் பணம் அல்ல

சம்பளம் 30,000, கார்டு லிமிட் 1,50,000. இதைப் பார்த்ததும் தன் வசதி கூடிவிட்டதாக மனம் நினைக்கிறது. லிமிட் என்பது நாம் எவ்வளவு கடனாளி ஆகலாம் என்று பிறர் போட்ட அளவு, அவ்வளவுதான். நம் சம்மதம் இல்லாமல் கார்டு தரவோ, லிமிட்டை உயர்த்தவோ கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. எனவே "லிமிட் கூட்டித் தருகிறோம்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒரு கணக்குப் பார்ப்போம். பாக்கி ஒரு லட்சம், வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வையுங்கள். வட்டி 3,500 ரூபாய். அதன் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி 630 ரூபாய். ஆக 4,130. ஒருவர் அந்த மாதம் 5,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய் மட்டும். மினிமம் கட்டிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்குபவர் இந்த 870-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அந்த உச்சவரம்பும் இப்போது இல்லை.

கார்டு வைத்திருப்பதே கூடுமா? தாமதித்தால் வட்டி தருவேன் என்ற நிபந்தனை உள்ள கார்டு, தவணைக்குள் கட்டும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்று சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 2000-ஆம் ஆண்டு ரியாத் கூட்டத்தில் முடிவு செய்தது. தவணைக்குள் முழுத்தொகையும் கட்டுவது உறுதி என்றால் அனுமதிக்கும் உலமாக்களும் இருக்கிறார்கள். ஆனால் பாக்கியை அடுத்த மாதத்திற்குத் தள்ளி வட்டி கொடுப்பதை அவர்களும் அனுமதிக்கவில்லை. டெபிட் கார்டு போதுமென்றால் அதோடு நில்லுங்கள்.

முதலில் குவியலைப் பிரியுங்கள்

ஜாபிர் (ரலி) அவர்களின் தந்தை உஹதில் ஷஹீதானார்கள். கடன் விட்டுச் சென்றிருந்தார்கள். கடன்காரர்களிடம் குறைத்துக்கொள்ளும்படி நபியவர்களே கேட்டும் அவர்கள் இணங்கவில்லை. அப்போது ஜாபிரிடம், பேரீச்சம் பழங்களை வகை வகையாகத் தனித்தனியே பிரித்து வைத்துவிட்டு எனக்குச் சொல்லி அனுப்பு என்றார்கள். பிறகு வந்து அமர்ந்தார்கள். அளந்து கொடுக்கச் சொன்னார்கள். எல்லாக் கடனும் தீர்ந்தது. பழம் குறையாதது போல் இருந்தது (புகாரி 2127). பரக்கத் அல்லாஹ்வின் செயல். பிரித்து வைத்தது ஜாபிரின் வேலை.

நம் வேலையும் அதுதான். இன்று இரவே ஒரு தாளை எடுங்கள். எந்தக் கார்டு, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, எத்தனை நாள் தாமதம் என்று எழுதுங்கள். மனைவிக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். புதிதாகத் தேய்ப்பதை நிறுத்துங்கள். கடையில் கமிஷன் கொடுத்துக் கார்டைத் தேய்த்துப் பணம் வாங்கி, இன்னொரு கார்டைக் கட்டும் "ரொட்டேஷன்" வேண்டவே வேண்டாம். கடன் இடம் மாறுகிறது, குறைவதில்லை. மினிமம் தொகை 90 நாள் கட்டப்படாவிட்டால் அது வாராக்கடன் கணக்கில் போய்விடும். எனவே எந்தக் கார்டும் அதுவரை போகாமல் பார்த்துக்கொண்டு, கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயையும் வட்டி அதிகமான கார்டில் போடுங்கள். வண்டியை, தேவையில்லாத பொருளை விற்கலாம். மனைவியின் நகை அவருடைய சொத்து. அவர் மனமுவந்து தந்தால் அதுவும் உங்கள் மீது கடன் என்று எழுதி வையுங்கள்.

பேசித் தீருங்கள்

கஅப் பின் மாலிக் (ரலி) தமக்கு வரவேண்டிய கடனை மஸ்ஜிதில் வைத்துக் கேட்டபோது சப்தம் உயர்ந்தது. நபியவர்கள் வெளியே வந்து, பாதியைத் தள்ளிவிடும்படி கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் ஒப்புக்கொண்டதும் கடன்பட்டவரிடம், எழுந்து போய்க் கொடு என்றார்கள் (புகாரி 457). குறைத்தது ஒருவர் கடமை என்றால், உடனே கொடுப்பது மற்றவர் கடமை.

வங்கிக்கு நீங்களே போய் நிலைமையைச் சொல்லுங்கள். வட்டியையும் அபராதத்தையும் தள்ளி, அசலை வாங்கிக்கொள்ளக் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். வங்கிக் கணக்கில் கட்டுங்கள். ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் நோ டியூ சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். அசலிலும் குறைத்து முடித்தால் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று பதிவாகும். பிறகு வீட்டுக்கோ தொழிலுக்கோ நிதி கேட்கும்போது அது தடையாகலாம். பாக்கி தீர்ந்த கார்டை மூடக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

வசூலிப்பவருக்கும் எல்லை உண்டு

கடன் கொடுத்த ஒருவர் நபியவர்களிடமே கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவர் மீது பாய முற்பட்டார்கள். விடுங்கள், உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு என்று தடுத்தார்கள் (புகாரி 2306). எனவே போன் வந்தால் எடுங்கள். எப்போது எவ்வளவு கட்ட முடியும் என்று உண்மையைச் சொல்லுங்கள்.

ஆனால் பேச இடமுண்டு என்பது அவமானப்படுத்த இடமுண்டு என்பதல்ல. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தார் நண்பர்களிடம் கேவலப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டுள்ளது. மீறினால் அழைப்பு நேரத்தைக் குறித்து வைத்து வங்கியிடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம்; கட்டணம் இல்லை.

ஜமாஅத்தின் பொறுப்பு

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. மூன்று தீனார் கடன், விட்டுச் சென்றது ஒன்றுமில்லை. நபியவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்று சொன்ன பிறகே தொழுவித்தார்கள் (புகாரி 2289). நம் மஹல்லாவில் அபூகதாதாக்கள் வேண்டும். ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு (9:60). சிரமப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் (2:280). பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் கேட்டு வருபவரின் பெயர் டீக்கடை வரை போகக் கூடாது. பெயர் வெளியே போனால் அடுத்தவர் வரமாட்டார், கார்டைத்தான் தேய்ப்பார்.

அந்த இளைஞரும் நானும் அன்று மஸ்ஜித் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதினோம். மூன்று கார்டும் சேர்த்து 2,84,000. தொகையைப் பார்த்து அழுதார். பிறகு, "இவ்வளவுதானா ஹஜ்ரத், நான் இன்னும் அதிகமா நினைச்சு பயந்துட்டு இருந்தேன்" என்றார். கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் தன் மகனிடம், "இனிமே யாராவது வந்தா அத்தா உள்ளே இருக்காங்கன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டார். சென்ற வாரம் இரண்டாவது ஸஃப்பில் இருந்தார்.

திருப்பித் தரும் எண்ணத்தோடு வாங்கியவரின் கடனை அல்லாஹ் நிறைவேற்றித் தருவான் என்பது நபிமொழியின் கருத்து (புகாரி 2387). அந்த எண்ணத்தை இன்றே சரிசெய்வோம். யா அல்லாஹ்! ஹலாலைக் கொண்டு ஹராமை விட்டும் எங்களைத் தேவையற்றவர்களாக்குவாயாக! கடன்பட்டோரின் சுமையை இறக்கி, அவர்களின் நாவை உண்மையில் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன்.